காலிப் பெட்டியின் கனம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பொழுது இறங்கும் நேரத்தில் மட்டும், லிஃப்ட் கிளம்ப மறுத்தது.

மற்ற நேரங்களில் அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை மதியம்கூடக் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு ஒழுங்காகப் போகும். ஆனால் சூரியன் கடலைத் தொடப் போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், மேல் நிலையத்தில் கார்மேகம் பிரேக்கை விடுவார், ஒன்றும் நடக்காது. கம்பிவடம் விறைப்பாக நிற்கும். பெட்டிக்குள் இருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

"என்ன மாமா, கீழ யானையையா ஏத்தி உக்கார வச்சிருக்கீங்க?" என்று கார்மேகம் இன்டர்காமில் கேட்பார்.

"ஆளத்தான்யா ஏத்தியிருக்கேன். நீ மேல தண்ணி பிடிச்சியா, இல்ல குடிச்சியா?" என்று கீழிருந்து உஸைர் திருப்பிக் கேட்பார்.

கார்மேகத்துக்கு முதுகுளத்தூர் பக்கம். உஸைருக்கு அதிராம்பட்டினம். சரிவின் இரண்டு முனைகளிலும் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் நடுவே, சரிவை ஒட்டிய படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள் இளவேனில். லிஃப்டுக்குப் பொறுப்பான எஞ்சினியர் அவள்தான். சீசன் தொடங்கியதிலிருந்து அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ராஸ் அல் கைமாவுக்கு வடக்கே, மலை கடலை நெருங்கி வரும் இடத்தில், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்று இருந்தது. எல்லோரும் அர்பாப், அதாவது முதலாளி, என்று அழைக்கும் அதன் சொந்தக்காரர் சின்ன வயதில் கோடை விடுமுறைகளை இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரில் கழித்தவர். வயதான பிறகு அந்த ஊரையே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். கடலுக்குள் நீண்டு போகும் மரப்பாலம். கூம்புத் தொப்பி போன்ற கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி இறங்கும் சறுக்கு. கோடு போட்ட துணி நாற்காலிகள். முழங்கால் உயரத்துக்கு வீடும் தேவாலயமும் ரயிலும் கொண்ட ஒரு குட்டி ஊர். கழுதைச் சவாரி, கழுதைகள் மட்டும் உள்ளூர் மலைக் கழுதைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், குவாரி வெட்டிவிட்டுப் போன செங்குத்தான பாறைச் சரிவில், இந்த லிஃப்ட். பூங்காவுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வருகிறவர்கள் எல்லோருக்கும் அது இங்கிலீஷ் பீச்.

லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று யார் கேட்டாலும் இளவேனில் நின்று சொல்லுவாள். கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள்.

கிணற்றுக் கப்பியில் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளிலும் வாளி கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறித்தான் ஆக வேண்டும். இங்கே வாளிக்குப் பதில் ஆள் உட்காரும் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு டேங்க். மேலே நிற்கும் பெட்டியின் டேங்கில் தண்ணீர் பிடிப்பார்கள். அது கீழே நிற்பதைவிடக் கனமானதும் பிரேக்கை விட்டால் தானாகவே இறங்கும், மற்றதை மேலே இழுத்துக்கொள்ளும். கீழே வந்து சேர்ந்த பெட்டி தண்ணீரைக் கொட்டிவிட்டு லேசாகிவிடும். இப்போது மேலே போய் நிற்கும் பெட்டியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். கொட்டிய தண்ணீரை வெயிலில் ஓடும் ஒரு சின்னப் பம்பு சாவகாசமாக மேலே ஏற்றிவிடும். பெட்டியை இழுக்க மோட்டார் கிடையாது. சத்தம் கிடையாது. எடை மட்டும்தான்.

எவ்வளவு தண்ணீர் பிடிப்பது? கீழே எத்தனை பேர், மேலே எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். உஸைர் ஆட்களை எண்ணி ஒரு பித்தளை முள்ளைத் திருப்புவார். அதே எண்ணுக்கு மேலே கார்மேகத்தின் முன்னால் இருக்கும் முள்ளும் திரும்பும். கார்மேகம் குழாயைத் திறப்பார். குழாயில் உள்ள மீட்டர், தேவையான தண்ணீர் உள்ளே போனதும் தானாக நிறுத்தும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பிவடத்துக்கும் எடை இருக்கிறது. கிளம்பும்போது வடம் முழுவதும் கீழ்ப்பெட்டியின் பக்கம் கிடக்கும். அதனால் கிளம்புவதுதான் கஷ்டம். பாதி வழி தாண்டினால் வடத்தின் எடை இறங்கும் பெட்டியின் பக்கம் சேர்ந்துகொண்டு அதைத் தள்ளிவிடும். ஆகவே கிளம்பவில்லையே என்று தண்ணீரை அதிகமாகப் பிடித்தால் கிளம்பும், பிறகு பாயும்.

அதுதான் நடந்தது. இரண்டு வெள்ளிக்கு முன்னால் வண்டி நகராமல் நிற்க, ஜனங்கள் கத்த, கார்மேகம் கூடுதலாகத் தண்ணீர் பிடித்தார். கிளம்பியது. அதற்கடுத்த ட்ரிப்பில் பெட்டி பாய்ந்தது. வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்வும் இரும்புப் பற்கள் கவ்விக்கொண்டன. இரண்டு பெட்டிகளும் பாறைச் சரிவின் நடுவில் நின்றுவிட்டன. யாருக்கும் அடி இல்லை. ஆனால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கப் படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்கி வந்த காட்சி எல்லோருடைய கைபேசியிலும் ஓடியது.

மறுநாள் பூங்கா மேனேஜர் ஹஸ்னைன் அவளைக் கூப்பிட்டார். ஹைதராபாத்காரர். இந்தியில் நிதானமாகச் சொன்னார்.

"மேடம், அர்பாப் முடிவு பண்ணிட்டார். மோட்டார் வைக்கிறோம். பட்டன அமுக்கினா போகும், அமுக்கினா நிக்கும். கலாஸ், முடிஞ்சுது."

"அப்ப மேல ஒருத்தர், கீழ ஒருத்தர் எதுக்கு?"

"தேவையில்ல. அதுவும் அவர் யோசிச்சதுதான்."

"கார்மேகமும் உஸைரும்?"

ஹஸ்னைன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லவங்கதான். ஆனா வேற இடத்துல வேலை காலி இல்ல. காரணம் என்னன்னு உங்களால சொல்ல முடிஞ்சா நானே அவர்கிட்டப் பேசறேன். சொல்ல முடியுதா?"

"இன்னும் தேடிப் பாக்கணும்," என்றாள் இளவேனில்.

"வர்ற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளி அர்பாப் வரார். மோட்டார் கம்பெனிக்காரரும் வரார். அன்னிக்கும் நின்னுதுன்னா பேச்சே இல்ல."

அந்த இரண்டு வாரங்களில் இளவேனில் சந்தேகப்படாதது எதுவும் மிச்சம் இல்லை. முதலில் தண்டவாளத்தில் மணல். துடைத்துப் பார்த்தாள். பிறகு எண்ணிக்கை. மேலே நின்றுகொண்டு, இடையில் வந்த வெள்ளி சாயங்காலம் மேலே வந்து இறங்கியவர்களை அவளே எண்ணினாள். முள் காட்டியதற்கு ஒரு தலைகூட மாறவில்லை. சாப்பாட்டுக் கூடையும் ஐஸ் பெட்டியும் லிஃப்டில் ஏற்றக் கூடாது என்பது விதி, யாரும் ஏற்றவில்லை. பிறகு அவளுக்குப் பிடித்த சந்தேகம் வந்தது. பொழுது சாய்ந்தால் பாறை குளிரும், கப்பியின் கிரீஸ் கெட்டியாகும், உராய்வு கூடும். சாயங்காலம் மட்டும் நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் ஏது? கிரீஸை மாற்றினாள். சனிக்கிழமை சாயங்காலம் அதே நேரத்தில் மணல் மூட்டை ஏற்றி விட்டுப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. அதே குளிர், அதே பாறை.

இன்னொன்றும் அவளை அரித்தது. கிளம்ப வைக்கத் தேவைப்பட்ட கூடுதல் தண்ணீர் ஒவ்வொரு வெள்ளியும் ஒரே அளவாக இல்லை. ஒரு வாரம் நாலைந்து பேர் எடை. ஒரு வாரம் அதற்கு இரண்டு மடங்கு. உராய்வு என்றால் இப்படி ஏறி இறங்காது. இது ஏதோ சுமை. இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை.

கீழ் நிலையத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி லுக்மானின் கடை. கீழக்கரைக்காரர். மணல்வாளி, மண்வாரி, காற்றுப் பந்து, இஞ்சி டீ, அதோடு எங்கே உடைத்தாலும் உள்ளே ஊர்ப்பெயர் தெரியும் மிட்டாய்க் குச்சி. அந்த மிட்டாயை எப்படிச் செய்கிறார்கள் என்று இளவேனில் அவருக்கு முதல் வாரமே விளக்கியிருந்தாள்: எழுத்துகளைக் கை மொத்தத்துக்குப் பாகிலேயே கட்டி, ஒரு பெரிய உருளைக்குள் வைத்து, சூடாக இருக்கும்போதே இழுத்து இழுத்து விரல் பருமனாக்குவார்கள், எழுத்தும் கூடவே மெலிந்து கடைசிவரை ஓடும். லுக்மான் அதை இப்போது தானே கண்டுபிடித்ததுபோல வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்.

"உக்காரு தங்கச்சி. டீயக் குடி. நீ நடக்கிற நடைக்கு கழுதையே மூச்சு வாங்கும்," என்றார்.

அவள் நின்றபடியே வாங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் என்ன அண்ணே வித்தியாசம்?"

"கூட்டம். வேற என்ன? சூரியன் எறங்குறத மேல நின்னு பாக்கணும்னு எல்லாரும் ஒரே நேரத்துல வாராக. வெள்ளிக்கிழமைல, பிரியாணியத் தின்னுட்டு ஏறுறாக. ஒரு ஆளு ஒன்றரை ஆளு கனம்."

"மதியமும் அதே பிரியாணிதானே?"

"சாயங்காலத்துக்குள்ள அது உள்ள ஊறிப் பெருசாகுமுல்ல." சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலை இறக்கினார். "உஸைர் சொன்னான். மோட்டார் வந்தா அவனுக்கு ஊருக்கு டிக்கெட்டாம்ல. நான் துஆ செய்றேன் தங்கச்சி. நம்ம கையில அதான் இருக்கு."

அவள் பாதி டீயோடு தம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினாள். குட்டி ஊரைச் சுற்றி நடந்தாள். குட்டி ரயில் குட்டிச் சுரங்கத்துக்குள் போய் வந்தது. இங்கிலாந்தில் அவள் பயிற்சிக்குப் போன கடற்கரை ஊரிலும் இப்படி ஒரு குட்டி ஊர் இருந்தது. கூழாங்கல் கரை, மழை, காற்றில் படபடக்கும் துணி நாற்காலிகள், சரிவில் நூறாண்டு தாண்டியும் ஓடும் தண்ணீர் லிஃப்ட். அங்கே கீழ் நிலையத்தில் நின்றவர் சொன்ன ஒரே பாடம் இதுதான். பெட்டி வந்து நின்றதும் அதன் அடிக்குழாய், நிலையத்தின் குழாய்வாயோடு ரப்பர் வளையத்தில் பொருந்தித் திறக்கும், கிளம்பும்போது மூடிக்கொள்ளும். தண்ணீர் கொட்டும். கொட்டும்போது குழாய் அலறும். அலறல் நின்றால் டேங்க் காலி. மணியை அடி. அவ்வளவுதான். உஸைருக்கும் அவள் அதையேதான் சொல்லிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

அர்பாபின் வெள்ளை வண்டி நாலு மணித் தொழுகைக்குப் பிறகு வந்தது. மோட்டார் கம்பெனிக்காரர் ஏற்கெனவே மேலே, கப்பி அறையில், டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். இன்னும் வாங்காத மோட்டாரை எங்கே வைப்பது என்று சாக்பீஸால் தரையில் ஒரு கட்டம் போட்டிருந்தார். இளவேனில் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அது சரியாகக் கார்மேகத்தின் நாற்காலி இருந்த இடம்.

"அளந்து போட்டிருக்காரு மேடம்," என்றார் கார்மேகம். "சேர மட்டும் கொஞ்சம் நகத்திக்கச் சொன்னாரு. நகந்துட்டேன்."

"இன்னிக்கு ஒரு சொட்டு அதிகம் பிடிக்காதீங்க. முள் என்ன சொல்லுதோ அது மட்டும்."

"நகரலன்னா?"

"நகர வேண்டாம். நான் கீழ போறேன்."

படிக்கட்டில் இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வெள்ளிகளில், பொழுது சாயும் நேரத்தில் அவள் ஒருமுறைகூடக் கீழே நின்றதில்லை. பிரேக் மேலே, மீட்டர் மேலே, கப்பி மேலே. வண்டி நிற்பது தெரிவதும் மேலே. தெரிகிற இடத்திலேயே கோளாறும் இருக்கும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

கீழே வரிசை மரப்பாலம் வரை நீண்டிருந்தது. கடல் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது. உஸைர் கதவருகே நின்று, மாலைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு முந்திய ட்ரிப்புக்கு ஆள் விட்டுக்கொண்டிருந்தார். அந்த ட்ரிப் முடிந்ததும் அவர் தொழப் போவார். தொழுது வந்தபின் மறுபடி ஓட்டம்.

"டேங்க் காலின்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க உஸைர்?"

"நீங்க சொன்னதுதான் மேடம். சத்தம் நின்னுரும்."

மேலேயிருந்து பெட்டி இறங்கி வந்தது. ரப்பர் வளையத்தில் தடக்கென்று பொருந்தியது. சுவருக்குப் பின்னால் குழாய் அலற ஆரம்பித்தது. வந்தவர்கள் அந்தப் பக்கம் இறங்க, போகிறவர்கள் இந்தப் பக்கம் ஏறினார்கள். ஏறி முடிவதற்குள் அலறல் தேய்ந்து நின்றுவிட்டது.

உஸைர் முள்ளைத் திருப்பினார். கை மணிக் கயிற்றுக்குப் போனது.

"இருங்க," என்றாள் இளவேனில்.

சோதனை நாட்களில் இவ்வளவு சீக்கிரம் நிற்காது. ஒரு தம்ளர் டீயை ஆற்றிக் குடிக்கும் நேரம் அலறும். இப்போது டீயை ஊற்றும் நேரம்கூட ஆகவில்லை.

"மணி அடிக்காதீங்க. நான் வர்ற வரைக்கும்."

சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். லுக்மானின் கடைக்கும் நிலையத்துக்கும் நடுவே, குழாய் வந்து விழும் சிமெண்ட் வாய்க்கால் இருந்தது. அதன் விளிம்பில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி, கையை முழங்கைவரை மடித்துவிட்டு, தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் தெறிக்காமல், மெல்லிசாக, கையேந்துவதற்கு வாகாக விழுந்துகொண்டிருந்தது. குழாயில் பழுது பார்ப்பதற்காக வைத்திருந்த வால்வின் சக்கரத்தில் கை வைத்தபடி லுக்மான் நின்றுகொண்டிருந்தார். வரிசையின் கடைசியில், வெள்ளை கந்தூரா அங்கியின் கையைச் சுருட்டிவிட்டு, அர்பாப் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆண்கள் ஒளு செய்யுமிடத்தில் ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்று ஒருவர் நிமிர்ந்தார். இளவேனில் சட்டென்று திரும்பி, கடைக் கூரையைப் பார்த்தபடி கூப்பிட்டாள்.

"லுக்மான் அண்ணே. ஒரு நிமிஷம்."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன தங்கச்சி, இங்க வழுக்குமே."

"வால்வை மூடினது நீங்களா?"

"மூடல. கொறைச்சிருக்கேன். தொழுகை ரூமுல குழாய் பத்தல. வெள்ளிக்கிழம கூட்டத்துக்கு ஆளுக்கு ஆளு நின்னு மக்ரிபு தொழுகையே போயிரும். இந்தத் தண்ணி சும்மாதான கொட்டுது. ஆனா முழுசா வந்தா ஆள நனைச்சுப்புடும். அதான் மொதல்ல தேங்கின கசடு போகட்டும்னு விட்டுட்டு, அப்புறம் கொறைச்சு வைப்பேன். முடிஞ்சதும் மறுபடி முழுசா தொறந்துருவேன். எடுத்தத எடுத்தபடி வச்சிருவேன் தங்கச்சி."

அதனால்தான் மறுநாள் காலையில் அவள் பார்க்கும்போதெல்லாம் வால்வு முழுசாகத் திறந்திருந்தது.

"சத்தம் நின்னா உஸைர் மணி அடிச்சுடுவாரு," என்றாள். "சத்தம் நின்னுடுச்சு. தண்ணி நிக்கல. டேங்க் இன்னும் வடிஞ்சுகிட்டுதான் இருக்கு."

லுக்மான் குழாயைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு இருக்கும்?"

"நீங்க எவ்வளவு குறைச்சீங்களோ அதைப் பொறுத்து. இப்ப, பத்து பேர் உள்ள உக்காந்திருக்கற மாதிரி."

"யா அல்லாஹ். யானைய ஏத்துனது நானா." அவர் வால்வை நோக்கி ஓடப் பார்த்தார்.

"வேண்டாம் அண்ணே. இப்பத் தெறந்தா எல்லாரும் நனைஞ்சுடுவாங்க. முடிக்கட்டும்."

அவளுடைய கைபேசி அடித்தது. மேலேயிருந்து ஹஸ்னைன். "மேடம், ஏன் மணி வரல? சூரியன் போகுது. மோட்டார்காரர் கைக்கடிகாரத்தப் பாக்கறார்."

"அஞ்சு நிமிஷம் பாய். காரணம் கெடைச்சுடுச்சு."

"காரணம் அப்புறம். வண்டி?"

"காரணம்தான் வண்டிய நிறுத்தி வச்சிருக்கு. அஞ்சு நிமிஷம்."

முன்பக்கம் பெட்டிக்குள் இருந்தவர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். ஒரு பெண் மூன்று குழந்தைகளை ஜன்னலோரம் நிறுத்திவைத்துக்கொண்டு, "இதுக்குள்ள படியிலயே ஏறிப் போயிருக்கலாம்," என்று கணவனிடம் சொன்னாள். உஸைர் மணிக் கயிற்றைப் பிடித்தபடி இளவேனில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் கடலுக்குள் பாதி இறங்கிவிட்டது. இளவேனில் சுவரின் மூலையில் நின்றாள். அங்கேயிருந்து உஸைரையும் லுக்மானையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். காலை மாற்றி மாற்றி நின்றாள். ஒருவர் தலையைத் தடவினார், காதைத் துடைத்தார், வலது காலைக் கழுவினார், இடது காலைக் கழுவினார். எழுந்தார். அடுத்தவர் உட்கார்ந்தார். 

பாங்கு ஒலித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். லுக்மான் சக்கரத்தை முழுசாகத் திருப்பினார். குழாய் அலறியது. விடாமல் அலறியது. கேட்டுக்கொண்டே நின்ற லுக்மானின் முகம் மாறிக்கொண்டே வந்தது. இவ்வளவு தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது.

அலறல் தானாக ஓய்ந்தது. இளவேனில் கையை உயர்த்தினாள். உஸைர் மணியை இழுத்தார். மேலே, முள் காட்டிய அளவுத் தண்ணீரோடு, கார்மேகம் பிரேக்கை விட்டார்.

பெட்டி எழுந்து போனது. உள்ளே இருந்தவர்கள் மேலே போய்ச் சேரும்போது சூரியன் இல்லை.

தொழுகை முடிந்து அர்பாப் லுக்மானின் கடை வாசலுக்கு வந்தார். ஹஸ்னைனும் மூச்சிரைக்க இறங்கி வந்திருந்தார். இளவேனில் கடையிலிருந்த இரண்டு மணல்வாளிகளை எடுத்து, ஒரு கயிற்றின் இரு முனையிலும் கட்டி, கடைக் கம்பியின்மேல் போட்டுக் காட்டினாள். ஹஸ்னைன் அரபியில் சொல்லச் சொல்ல, அர்பாப் வாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருந்த வாளியில் அவள் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினாள். மேலே இருந்தது இறங்கவில்லை.

அர்பாப் ஏதோ கேட்டார். ஹஸ்னைன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "அந்த வண்டிய நிறுத்தினதுல என் காலுக்கும் பங்கு உண்டான்னு கேக்கறார்."

"உண்டுன்னு சொல்லுங்க பாய்," என்றாள்.

அர்பாப் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஒரு விரலை உயர்த்தினார். ஒரு வாரம்.

அவர் போனதும் ஹஸ்னைன் சொன்னார். "ரொம்ப சிம்பிள். வால்வுக்குப் பூட்டு. சுவத்துல ஒரு போர்டு. இங்க ஒளு செய்யக் கூடாது."

"பூட்டலாம் பாய். அடுத்த வெள்ளி குழாய் வாயில யாராவது துணியச் சுத்துவாங்க. தொழுகை ரூமுல குழாய் பத்தாதுங்கறது அப்படியேதான இருக்கும்?"

"நான் சுத்த மாட்டேன்," என்றார் லுக்மான். "ஆனா வேற ஆளு சுத்துவாக. தங்கச்சி சொல்றது சரி."

அவள் அதற்குள் குனிந்து வாய்க்காலை அளக்க ஆரம்பித்திருந்தாள். இந்த இடத்தில் தவறு செய்தவர் என்று ஒருவரும் இல்லை. லுக்மான் நல்லது செய்தார். உஸைர் சொன்னபடி செய்தார். கார்மேகம் முள்ளை நம்பினார். உள்ளே போகும் தண்ணீரை மட்டும் அளக்க மீட்டர் வைத்து, உள்ளே ஏற்கெனவே எதுவும் இருக்காது என்று அவள்தான் எடுத்துக்கொண்டாள். மேலே ஏறிப் போன மிச்சத் தண்ணீரின்மேல் மறுபடி பிடித்ததால்தான் அன்று அடுத்த ட்ரிப் பாய்ந்திருக்கிறது. அங்கே, அந்த மழை ஊரில், கொட்டும் தண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை. அதனால் சத்தம் போதுமானதாக இருந்தது. இங்கே கொட்டும் தண்ணீர் பக்கத்தில் ஆள் வராமல் இருக்குமா?

இன்டர்காமில் கார்மேகத்தின் குரல் கேட்டது. "மாமா, யானை எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு மாப்ள," என்றார் உஸைர். "நம்ம கடைக்காரருதான் ஏத்திவிட்டிருக்காரு."

"அப்ப என் சேர பழைய எடத்துலயே போட்டுக்கவா?"

உஸைர் இளவேனிலைப் பார்த்தார். "அடுத்த வெள்ளி போட்டுக்கச் சொல்லுங்க," என்றாள் அவள்.

வேலை புதன்கிழமை முடிந்தது. கொட்டும் குழாயின் வால்வை முழுசாகத் திறந்து, சக்கரத்தைக் கழற்றி, மேல் நிலையத்தில் கார்மேகத்தின் சாமான் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். அந்த வாய்க்காலுக்கு மூடி போட்டார்கள். பம்பு தண்ணீர் ஏற்றி வைக்கும் மேல்தொட்டியிலிருந்து ஒரு கிளைக் குழாய் இழுத்து, வடிகட்டி வைத்து, லுக்மானின் கடைச் சுவரை ஒட்டித் தாழ்வான குழாய்களை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் உட்கார ஒரு கல். அதில் ஒழுகும் தண்ணீர் கழுதைக் கொட்டகை ஓரத்து வேப்ப மரங்களுக்குப் போகிறது. இரண்டு பெட்டிகளின் டேங்கிலும் ஒரு மிதவை. அதோடு சேர்ந்து வெளியே ஏறி இறங்கும் ஒரு சிவப்புத் தகடு. தகடு முழுசாக இறங்கினால்தான் உஸைர் மணி அடிக்க வேண்டும். சத்தத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பாங்குக்கு முந்திய ட்ரிப்பில் குழாய் வரிசை நிறைய ஆட்கள் ஒளு செய்துகொண்டிருக்க, தகடு இறங்கியது, மணி அடித்தது, முள் காட்டிய தண்ணீரோடு கார்மேகம் பிரேக்கை விட்டார், பெட்டி கிளம்பியது. கார்மேகம் தன் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டார்.